சரிவில் நின்ற ரயில்

ஒரு ரயிலில் அவசர பிரேக் போட்டால் இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். ஓடும் ரயில் நிற்க வேண்டும். நின்ற ரயில் நின்றபடியே இருக்க வேண்டும். சமதளத்தில் இரண்டாவது வேலை தானாக நடந்துவிடுவதால் அதை யாரும் தனியாக நினைத்துப் பார்ப்பதில்லை. மலைச்சரிவிலோ அதுதான் கடினமான வேலை. சரிவில் ரயில்களுக்கு நேர்ந்த பெரிய விபத்துகளில் சில, ரயில் நின்ற பிறகு தொடங்கியவை. எனவே சரிவில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வியோடு, பிடித்த பிறகு யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. முதலாவது இயற்பியல்; இரண்டாவது சட்டம்.

சரிவை ரயில்வேயில் விகிதமாகச் சொல்வார்கள். 100 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறங்கினால் அது 100-க்கு 1. முதலில் சமதளப் பாதை ஒன்றைப் பார்க்கலாம். சென்னையிலிருந்து கூடூர் போகும் பாதை பழவேற்காடு ஏரிக்கு மேற்கே மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை வழியாகச் செல்கிறது. ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பம், கோரைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் நிலம் கடல் மட்டத்தைவிடச் சற்றுத்தான் உயர்ந்திருக்கிறது. ரயில் பாதை ஓடும் நிலமும் ஏறக்குறைய மேசைப் பலகைதான். நிலையங்களுக்குள் தண்டவாளம் 1,200-க்கு 1 என்ற அளவைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பது ரயில்வேயின் பழைய விதி. அந்தச் சரிவில் 5,000 டன் சரக்கு ரயில் ஒன்று நின்றால், அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 4 டன் எடைக்குச் சமம். சக்கரங்கள் உருள்வதற்கு ரயிலே காட்டும் தடை அதைவிட அதிகம். ஆகவே பிரேக் தளர்ந்தாலும் அந்த ரயில் அங்கேயே நிற்கும்.

அதே ரயிலை மும்பைக்கும் புணேக்கும் நடுவில் உள்ள போர் காட் மலைப்பாதையில், 37-க்கு 1 சரிவில் நிறுத்தி வைப்பதாக நினைத்துக்கொள்ளலாம். இழுவிசை 135 டன் ஆகிவிடும். தடை மட்டும் மாறாமல் 5 அல்லது 10 டன்தான். மீதி அத்தனையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும், அதுவும் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும்.

நிற்கும் தூரமும் இதே கணக்கில் மாறுகிறது. சமதளத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு சரக்கு ரயிலின் வேகத்தை, அதன் பிரேக் நொடிக்கு நொடி விநாடிக்கு 0.4 மீட்டர் வீதம் குறைப்பதாக வைத்துக்கொண்டால், அது சுமார் 350 மீட்டரில் நிற்கும். 37-க்கு 1 சரிவில் புவியீர்ப்பு அந்த 0.4-இல் 0.265-ஐத் தின்றுவிடுகிறது. எஞ்சியதை வைத்து நிற்க 1 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பிரேக் சூடேறி அதன் பிடி 40 விழுக்காடு குறைந்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. அவசர பிரேக்கை முழுதாகப் போட்டாலும் ரயிலின் வேகம் கூடிக்கொண்டேதான் போகும். சரிவில் ‘கொஞ்சம் பலவீனமான பிரேக்’ என்று ஒன்று கிடையாது. ஓர் எல்லைக்கு மேலே அது பிரேக். எல்லைக்குக் கீழே வெறும் உராயும் இரும்பு.

சூடு என்பதும் சிறிய விஷயம் இல்லை. போர் காட்டில் பாதை ஏறத்தாழ 550 மீட்டர் இறங்குகிறது. 1,000 டன் பயணிகள் ரயில் ஒன்று அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 1,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது இரண்டரை ஆண்டு மின்சாரம். மின் எஞ்சின்கள் அதில் ஒரு பகுதியைத் தங்கள் மோட்டார்களைக் கொண்டே தடுத்து வாங்கிக்கொள்ளும். மீதி முழுதும் பிரேக் கட்டைகளிலும் சக்கரங்களிலும் வெப்பமாக இறங்குகிறது.

ரயிலின் காற்று பிரேக் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால், நின்ற பிறகு வரும் ஆபத்து புரியும். எஞ்சினிலிருந்து கடைசி வண்டி வரை ஒரு குழாய் ஓடுகிறது. அதுதான் பிரேக் பைப். இந்தியாவில் அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு காற்றுத் தொட்டி. குழாயில் அழுத்தம் குறைந்தால், அந்தந்த வண்டியின் வால்வு தன் தொட்டிக் காற்றைப் பிரேக் சிலிண்டருக்குள் விட்டுக் கட்டைகளைச் சக்கரத்தின் மேல் அழுத்தும். குழாய் அறுந்தாலும் வண்டிகள் பிரிந்தாலும் பிரேக் தானாகப் பிடிக்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870-களின் தொடக்கத்தில் செய்த இந்த ஏற்பாடு, உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகளின் வரிசையில் முன்னால் வைக்க வேண்டிய ஒன்று. அவசர பிரேக் என்பது குழாயில் உள்ள காற்றை ஒரே மூச்சில் வெளியே விட்டுவிடுவது.

ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. சிலிண்டரில் அடைபட்ட காற்று என்றென்றைக்கும் அங்கேயே இருக்காது. ரப்பர் வளையங்களின் ஓரமாக மெல்லக் கசியும். குளிரில் ரப்பர் இறுகிவிடுவதால் கசிவு இன்னும் அதிகம். குழாயில் அழுத்தம் இல்லாததால் தொட்டிகளும் நிரம்பாது. இது முதல் கண்ணி. இரண்டாவது, ரயிலை மறுபடி கிளப்ப வேண்டுமானால் குழாயில் காற்றை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் பிரேக் விட்டுவிடும். தொட்டிகள் நிரம்பவோ நேரமாகும். அந்த இடைவெளியில் ரயில் சரிவில் கிட்டத்தட்டப் பிரேக் இல்லாமல் நிற்கிறது. அதனால்தான் சரிவில் அவசர பிரேக் போட்டு நின்ற ரயிலில், முதலில் இறங்கி நடந்து வண்டி வண்டியாகக் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைக்க வேண்டும் என்கிறார்கள். கைப்பிரேக் என்பது சங்கிலியும் இரும்புச் சக்கரமும்தான். அதில் கசிவதற்கு ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை 1899-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அந்த ஆண்டிலும், உதகை வரை 1908-லும் திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயில் 46 கி.மீ. நீளம் கொண்டது. கல்லாறு நிலையத்துக்கு மேலே சரிவு 12-க்கு 1 வரை போகிறது. நனைந்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் இரும்பைப் பிடிக்கும் பிடி, அதன் மேல் உள்ள எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ ஆகிவிடலாம்; 12-க்கு 1 சரிவின் இழுவை மட்டுமே எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் உயிர்களை வைக்க முடியாது. எனவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரட்டைப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களில் கோத்துக்கொண்டு ஏறி இறங்குகிறது.

பழவேற்காட்டு ஏரியின் ஆழம் குறைந்த நீரில் படகைக் கழி ஊன்றித் தள்ளுபவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும். துடுப்பை நீரில் வைத்துப் படகின் வேகத்தைக் குறைக்கலாம். இழுப்பு பலமாக இருந்தால் துடுப்பு வழுக்கிக்கொண்டே வரும். கழியைச் சேற்றில் ஊன்றிவிட்டால், கழி முறிந்தாலொழிய படகு நகராது. சாதாரண ரயில் பிரேக் துடுப்பைப் போன்றது. பல் பட்டை, ஊன்றிய கழி.

நீலகிரியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பு மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். கையில் கொடி, முன்னால் கைச்சக்கரம். எஞ்சினின் விசில் ஒலியைக் கேட்டுச் சக்கரத்தைச் சுற்றி இறுக்குவார் அல்லது தளர்த்துவார். கல்லாறு நோக்கி இறங்கும்போது எஞ்சினின் சிலிண்டர்களே பிரேக்காக மாறுகின்றன. பிஸ்டன்கள் நீராவியால் தள்ளப்படுவதற்குப் பதில் காற்றை அழுத்திக்கொண்டு இறங்க, உள்ளே செலுத்தும் நீர் அந்தச் சூட்டை ஆவியாக வெளியே கொண்டுபோகிறது. கைப்பிரேக், வெற்றிட பிரேக், சிலிண்டர் பிரேக் என்று ஒன்றை நம்பி ஒன்று இராமல் அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2005-இல் இந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி தந்தபோது பலரும் அதன் அழகைத்தான் பேசினார்கள். அதன் பிரேக் ஏற்பாடும் அதே அளவு மதிக்கத்தக்கது.

பல் பட்டை இல்லாத அகலப் பாதையில் மலை இறங்கும் ரயில்களுக்கு வேறு காப்பு. சரிவில் கட்டுப்பாடு இழந்த ரயிலை மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டு வேகம் சாகடிக்கும் கிளைப்பாதைக்கு கேட்ச் சைடிங் என்று பெயர். நிலையத்தை நோக்கி 80-க்கு 1-ஐவிடச் செங்குத்தாகப் பாதை இறங்கினால் கேட்ச் சைடிங் வேண்டும். நிலையத்தை விட்டு அப்பால் 100-க்கு 1-ஐவிடச் செங்குத்தாக இறங்கினால், நின்ற வண்டிகள் நழுவி ஓடாதபடி ஸ்லிப் சைடிங் வேண்டும் என்பது விதி. போர் காட்டில் கேட்ச் சைடிங்குக்குப் பாதையைப் பிரித்துவிடும் பாயிண்டுகள் சாதாரண நிலையில் கிளைப்பாதைக்கே திறந்திருக்கும். இறங்கி வரும் ரயில் அதற்கு முன்னால் நின்று காட்டினால்தான் பிரதான பாதை கிடைக்கும். தன் பிரேக் பிடிக்கிறது என்பதை ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு நாளும் அங்கே நிரூபித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இனி, தகவல் சொல்லும் கடமை. 1890-இன் ரயில்வே சட்டத்திலேயே விபத்து அறிவிப்பு பற்றிய பிரிவு இருந்தது. இன்றைய 1989 ரயில்வே சட்டத்தில் அது 113-ஆம் பிரிவு. உயிரிழப்போ கொடுங்காயமோ குறிப்பிட்ட அளவு பெரிய சொத்துச் சேதமோ ஏற்பட்ட விபத்து, பயணிகள் ரயில் சம்பந்தப்பட்ட மோதல், பயணிகள் ரயிலோ அதன் ஒரு பகுதியோ தடம் புரள்தல், வழக்கமாக உயிரிழப்பில் முடியக்கூடிய வகையைச் சேர்ந்த விபத்து, மத்திய அரசு அறிவிக்கும் பிற வகை விபத்து ஆகியவை அதில் அடங்கும். இவற்றில் ஒன்று நடந்தால், அருகிலுள்ள நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் தாமதமின்றி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கும், காவல் கண்காணிப்பாளருக்கும், அந்த எல்லையின் காவல் நிலையப் பொறுப்பாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ரயில்வே நிர்வாகம் மாநில அரசுக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையருக்கும் தெரிவிக்க வேண்டும். பயணிகள் ரயிலில் உயிரிழப்போ பயணிக்குக் கொடுங்காயமோ பெரிய சேதமோ ஏற்பட்டால் ஆணையரின் விசாரணை வரும் என்பது அடுத்த பிரிவான 114.

இந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை என்பது பலருக்குத் தெரியாத, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ரயிலை ஓட்டுகிறவர்களே ரயில் விபத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற எண்ணத்தில், ஆய்வுத் துறை 1941-இல் ரயில்வே வாரியத்திடமிருந்து பிரிக்கப்பட்டது. 1961-இல் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்ற பெயர் வந்தது. இன்று அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

இந்தத் தகவல் சங்கிலி ஓடிய விதத்தைப் பழவேற்காட்டுப் பக்கத்து மக்கள் கிட்டத்தில் கண்டார்கள். ஏரிக் கிராமங்களிலிருந்து ரயில் பிடிக்க வருபவர்கள் பெரும்பாலும் பொன்னேரிக்கு வருவார்கள். பொன்னேரிக்கு வடக்கே அடுத்த நிலையம் கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ் பிரதான பாதைக்கான சிக்னல் பெற்றும் அங்கே லூப் லைன் என்ற பக்கப் பாதைக்குள் போய், நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறம் மோதியது. பெட்டிகள் பல தடம் புரண்டன, ஒன்றில் தீப்பிடித்தது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. ஆட்சியரும் காவல்துறையும் இரவோடு இரவாக அங்கே வந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை நடத்தினார். சமதளத்தில் நடந்த விபத்துதான் அது. ஆனால் சரிவில் நடந்திருந்தாலும் தகவல் இதே வழியில்தான் போயிருக்கும். சட்டம் நிலத்தின் சாய்வைப் பார்ப்பதில்லை, விளைவைத்தான் பார்க்கிறது.

இங்கேதான் சரிவின் பிரச்சினை சட்டத்தின் விரலிடுக்கில் நழுவுகிறது. மலையில் இறங்கும் ரயிலின் வேகம் அளவு மீறுகிறது, லோகோ பைலட் அவசர பிரேக் போடுகிறார், ரயில் நின்றுவிடுகிறது. யாருக்கும் காயமில்லை, தடம் புரளவில்லை. 113-ஆம் பிரிவின் வெளிப்படையான வகைகளில் இது சேராது. ஆனால் நாளைய விபத்தின் முதல் பக்கம் இதுதான். இந்த இடைவெளியை ரயில்வேயின் உள் விதிகள் ஓரளவு நிரப்புகின்றன. இந்திய ரயில்வே விபத்துகளையும் அசாதாரண நிகழ்வுகளையும் எழுத்து வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. மோதல் A, தீ B, தடம் புரளல் D என்று போகும் அந்த வரிசையில், J என்ற வகுப்பு எஞ்சின், பெட்டி, வேகன் பழுதுகளுக்கு உரியது. ரயிலோ அதன் ஒரு பகுதியோ கட்டுப்பாடின்றி ஓடுவதும், மோதலோ தடம் புரளலோ இல்லாத பிரேக் பலக் குறைவும் அதில் வருகின்றன. காயம் பட்டாலும் படாவிட்டாலும் விபத்துகள் குறித்த கணக்கை ரயில்வே நிர்வாகம் மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று 1989 சட்டமும் சொல்கிறது.

ரயில் கட்டுப்பாடின்றி ஓடியும் காயமில்லாமல் முடிந்ததற்கு 2024 பிப்ரவரி 25 காலையில் நடந்தது நேர் உதாரணம். ஜம்முவின் கதுவா நிலையத்தில் ஜல்லி ஏற்றிய 53 வேகன் சரக்கு ரயில் நின்றிருந்தது. ஓட்டுநர்கள் இறங்கிப் போயிருந்தார்கள். பாதை பதான்கோட் பக்கம் சரிவு. ரயில் ஆளில்லாமல் தானாக உருளத் தொடங்கி, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபின் ஊஞ்சி பஸ்ஸி நிலையத்தருகே தடைகள் வைத்து நிறுத்தப்பட்டது. வழியில் லெவல் கிராசிங்குகளை மூடி வைத்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்; விசாரணை நடந்தது. ஆளில்லாத ரயில் அவ்வளவு தூரம் ஓடியும் உயிர்கள் தப்பியதற்கு முதல் காரணம், முன்னால் உள்ள நிலையங்களுக்குத் தகவல் ரயிலைவிட வேகமாகப் போனது.

கனடாவில் 2019 பிப்ரவரி 4 அன்று அந்த நல்வாய்ப்பு கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபீல்டு என்ற ஊருக்கு மேலே 2.2 விழுக்காடு சரிவு, அதாவது சுமார் 45-க்கு 1. தானியம் ஏற்றிய 112 வேகன் ரயில் உறைபனிக் குளிரில் இறங்கும்போது வேகம் கட்டுக்குள் வரவில்லை. ஓட்டுநர் அவசர பிரேக் போட்டார், ரயில் நின்றது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் நின்றது. கைப்பிரேக் எதுவும் சுற்றப்படவில்லை. மாற்றுக் குழுவினர் மூவர் ஏறினார்கள். வெப்பநிலை பூஜ்யத்துக்கு 28 டிகிரி கீழே. சிலிண்டர்களில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. யாரும் எதையும் தொடாமலே ரயில் உருளத் தொடங்கியது. வளைவில் தடம் புரண்டபோது மூவரும் இறந்தார்கள்.

நான்கு நாளில் கனடா அரசு ஓர் உத்தரவு போட்டது. 1.8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மலைச்சரிவில் அவசர பிரேக்கால் ரயில் நின்றால் கைப்பிரேக்குகளைக் கட்டாயம் இறுக்க வேண்டும். 2022-இல் வந்த விசாரணை அறிக்கை அதைவிட வேதனையான ஒன்றைச் சொன்னது. அந்த மலையில் குளிர்காலத்தில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்று ரயில் ஊழியர்கள் பல ஆண்டுகளாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆபத்து எவ்வளவு என்று முறையாக அளக்காமலே அந்த அறிக்கைகள் முடித்துவைக்கப்பட்டிருந்தன. அறிக்கை எழுதும் கடமை அங்கே நிறைவேறியிருந்தது. படித்து நடவடிக்கை எடுக்கும் கடமைதான் விடுபட்டது.

அறிவிப்புக்கு எது தகுதி என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. ரயில் வண்டி திட்டமில்லாமல், கட்டுப்பாடில்லாமல் நகர்ந்தாலே, காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கனடாவின் விசாரணை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 1 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட சரிவில் இறங்கும் ரயில், தனக்கு அனுமதித்த வேகத்தை மணிக்கு 5 மைலுக்கு மேல் தாண்டினால் உடனே நிறுத்தியாக வேண்டும், தேவைப்பட்டால் அவசர பிரேக் போட்டு. 1996-இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் குழாய் அடைபட்டுப் பின் வேகன்களின் பிரேக் பிடிக்காமல் ஒரு சரக்கு ரயில் உருண்டு இருவர் இறந்தார்கள். அதன் பிறகு, எஞ்சினிலிருந்து வானொலி மூலம் கடைசி வேகனிலும் காற்றை வெளியேற்றும் கருவி அங்கே கட்டாயமானது. முன்னாலிருந்து போகும் கட்டளை நடுவில் தடைபட்டாலும் வாலிலிருந்து பிரேக் பிடிக்கும்.

சரிவில் போட்ட ஓர் அவசர பிரேக்கைப் பற்றிய அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை மேலே கண்ட இயற்பியலே சொல்லிவிடுகிறது. எந்தக் கிலோமீட்டர் கல், அங்கே சரிவு என்ன, பிரேக் போடும்போது வேகம் என்ன, போட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை கைப்பிரேக் சுற்றப்பட்டது, மழையா குளிரா, கிளம்பிய இடத்தில் தந்த பிரேக் பவர் சான்றிதழில் எத்தனை விழுக்காடு எழுதியிருந்தது. இவற்றில் நின்ற தூரம்தான் மிக முக்கியமானது. அந்தச் சரிவில் கணக்குப்படி நிற்க வேண்டிய தூரத்தைவிட ரயில் வெகுதூரம் ஓடி நின்றிருந்தால், அந்த வேகன்களில் ஏதோ கெட்டிருக்கிறது. நின்றுவிட்டதே என்று விட்டுவிட்டால் அந்தச் செய்தி தொலைந்துபோகும்.

நல்லவேளையாக இதை மனித நினைவை மட்டும் நம்பி விட வேண்டியதில்லை. எஞ்சினில் உள்ள வேகப் பதிவுக் கருவி நேரத்தையும் தூரத்தையும் வேகத்தையும் தொடர்ந்து எழுதிக்கொண்டே வருகிறது. ரயில் மேலாளரின் பயணக் குறிப்பு, ஸ்டேஷன் மாஸ்டரின் பதிவேடு, கட்டுப்பாட்டு அறையின் விளக்கப்படம் ஆகிய மூன்றையும் அதோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடம்கூட மறையாது. விசாரணை தொடங்கியதும் இந்தப் பதிவுகளை முதலில் பறிமுதல் செய்து முத்திரை வைப்பது அதனால்தான். விபத்து நடக்காத நாட்களிலும் தலைமை லோகோ ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துப் படிப்பதுண்டு. ஒரு லோகோ பைலட் மலையில் எங்கே பிரேக் போட்டார், எங்கே தளர்த்தினார், எங்கே வேகம் கோட்டைத் தொட்டது என்பதெல்லாம் அந்த வளைகோட்டில் தெரியும்.